சாமி பெயரில் ஒரு பாஸ்வேர்ட்

1. மானிட்டருக்குச் சந்தனம்

நான் பசறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கம்ப்யூட்டருக்குப் பூசை நடந்தது. பதுளையில் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு முதலாளி, பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, ஐந்து கம்ப்யூட்டர்களைப் போட்டு, 'கம்ப்யூட்டர் சென்டர்' என்று பலகை மாட்டியிருந்தார். ஐயர் வந்து ஒவ்வொரு மானிட்டருக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். குங்குமம் ஒரு கீபோர்டில் கொட்டியது. அந்தக் கீபோர்டில் 'எஸ்' எழுத்து அதற்குப் பிறகு சரியாக வேலை செய்யவே இல்லை. முதலாளி அதை நல்ல சகுனம் என்றார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். உயர்தரம் முடித்து, பதுளையில் கம்ப்யூட்டர் டிப்ளோமா செய்தேன். எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் நான் விமானம் ஓட்டப் படித்துவிட்டு வந்ததுபோலப் பார்த்தார்கள். சென்டரில் எனக்குப் பதவிப் பெயர் 'இன்ஸ்ட்ரக்டர்'. எல்லோரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்கு வகுப்பு. பின்னேரம் ஊர்க்காரர்களுக்கு டைப்பிங், பிரிண்ட், இமெயில்.

பூசை முடிந்ததும் முதலாளி என்னைப் பிரதான கம்ப்யூட்டருக்கு அழைத்துப்போனார். மானிட்டரின் நெற்றியில், சந்தனத்துக்கு மேலே, ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது.

"பாஸ்வேர்ட், மிஸ். எழுதி ஒட்டிட்டேன். யாராச்சும் மறந்துட்டாலும் பார்த்துக்கலாம்."

"எழுதி ஒட்டினா அது எதுக்கு முதலாளி?"

"வெளியாளா வர்றாங்க? நம்ம ஆளுங்கதானே."

அந்தத் துண்டை அன்றே கிழித்தேன். மறுநாள் காலையில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தது. இப்படிக் கிழிப்பதும் ஒட்டுவதுமாக அந்த முதலாளியோடு நான் காலம் தள்ளினேன். "நம்ம ஆளுங்கதானே" என்ற அந்த வார்த்தையை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு வயிறு எரியும். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. ஒரு பிரிவுக்கு ஓர் அட்ரஸ்

தோட்டத்துக்குத் தபால் எப்படி வரும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டு வாசலுக்கு வராது. தோட்டத்துக் கந்தோருக்கு, அதாவது அலுவலகத்துக்கு, வரும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் நீட்டுவார்கள். அவர் சத்தமாக வாசிப்பார், பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கல்யாணம், சாவு, கடன், காதல் எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். லயத்து அறைகளுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் சுடுதண்ணீர் வைப்பார்கள். அப்படி வாழ்ந்த சனத்திடம் போய், 'உன் எழுத்தை நீ மட்டும் பார்' என்று சொன்னால் அது மரியாதைக் குறைவாகத்தான் படும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தோட்டத்துப் பெண்கள் வீட்டு வேலைக்காக அரபு நாடுகளுக்குப் போவது கூடியது. போன இடத்தில் இமெயில் அனுப்ப வழி கிடைத்தவர்கள் அனுப்பத் தொடங்கினார்கள். அப்போது லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேற்பிரிவு இளைஞர் சங்கத்துப் பிள்ளைகள் சென்டருக்கு வந்து, பிரிவு முழுவதற்கும் சேர்த்து ஓர் இமெயில் அட்ரஸ் எடுத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் எல்லோரும் அந்த ஒரே அட்ரஸுக்கு எழுதவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பிரிண்ட் எடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் வாசிப்பார்கள். பெரட்டுக் களத்தைத் தூக்கிக் கம்ப்யூட்டருக்குள் வைத்ததுபோல.

"பாஸ்வேர்ட் என்னா போடலாம்?" என்று கேட்டேன்.

"முனியாண்டி" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். அது மேற்பிரிவுக் கோயிலின் சாமி.

"வேணாம்டா. யாரு வேணும்னாலும் ஊகிச்சுருவாங்க."

"ஊகிக்கட்டும் மிஸ். சாமி பேரத் தட்டிட்டு உள்ள போறவன் திருட்டு வேல பார்ப்பானா? கையி விழுந்துரும்ல?"

பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தச் சாமி துடியான சாமி. அதன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தால் தோட்டத்தை நடத்தும் துரைகூட மேலே கேட்கமாட்டார். கதவுக்குப் பூட்டுப் போடாமல் விபூதிக் கோடு போட்டுவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அந்தக் கோட்டைத்தான் இமெயிலுக்கும் போட்டார்கள். நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். முதலாளி குறுக்கே வந்து, "ஆளுக்கொரு அட்ரஸ் குடுத்தா யாரு ஞாபகம் வச்சுக்குவா மிஸ்? ஒண்ணு போதும்" என்று முடித்துவிட்டார்.

பிரிண்ட் எடுத்துப்போகும் பொறுப்பு தியாகுவிடம் போனது. மேற்பிரிவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். திருவிழாக் கமிட்டிச் செயலாளர். அதோடு, பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்கு அந்தப் பக்கத்துச் சப் ஏஜென்ட்டும் அவரே. சிரித்த முகம். என்னிடமே ஆறு வாரப் பயிற்சி எடுத்தவர். சனிக்கிழமை வந்து, தானே இமெயில் பெட்டியைத் திறந்து, தானே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவார். மற்றவர் கடிதத்தை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே அவர் எதை எடுத்தார், எதை விட்டார் என்று நான் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அப்போது தமிழ் எழுத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். அதைச் சத்தமாகத் தடங்கலில்லாமல் வாசிக்க மேற்பிரிவில் தியாகுவை விட்டால் ஆள் இல்லை. தாளில் என்ன இருந்தாலும், அவர் வாயில் வந்ததுதான் கடிதம்.

3. யோகேஸ்வரி

யோகேஸ்வரி என் மூன்றாவது பாட்ச் மாணவி. மேற்பிரிவுப் பிள்ளை. குங்குமம் கொட்டிய கீபோர்டில் உட்கார்ந்து, 'எஸ்' வராவிட்டால் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓங்கிக் குத்துவாள். டைப்பிங் வேகத்தில் அவளை யாரும் முந்தியதில்லை. முதல் இமெயில் பயிற்சி எப்போதும் எனக்கே எழுதுவதுதான். அவள் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. 'மிஸ், இது யோகேஸ். கிடைச்சா கையைத் தூக்குங்க.' மேசையிலிருந்து கையைத் தூக்கினேன். வகுப்பே சிரித்தது.

சான்றிதழோடு பதுளை முழுக்க வேலை தேடினாள். புடைவைக் கடையில் நிற்கக் கேட்டார்கள், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார யாரும் கேட்கவில்லை. அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அம்மா லெட்சுமி கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் வீடு ஓடவில்லை. தியாகு பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

போகுமுன் சென்டருக்கு வந்தாள். "டைப்பிங் மறந்துருவேனா மிஸ்?" என்று கேட்டாள்.

"நீச்சல் மாதிரி. மறக்காது" என்றேன்.

போன வீட்டில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் இருந்தது. வெள்ளிக்கிழமை பகலில் வீட்டார் எல்லோரும் உறவினர் வீட்டுக்குப் போவார்கள். அந்த நேரத்தில் அறையைத் துடைக்கப் போகிறவள், இரண்டு வரி தட்டுவாள். முதல் கடிதங்கள் கோயில் முன்னால் வாசிக்கப்பட்டன. வீடு பெரிசு, ஆப்பிள் தின்றேன், அப்பாவுக்கு மருந்து வாங்குங்க. லெட்சுமியம்மா அந்தப் பிரிண்ட்களை ஒரு பொலித்தீன் பையில் போட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். சில மாதங்களில் கடிதங்கள் சுருங்கின. "இந்த வாரமும் நல்லா இருக்கேன்னுதான் எழுதியிருக்கா" என்று தியாகு சொல்வார். லெட்சுமியம்மா கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை காலை, என் சொந்த இமெயிலைத் திறந்தேன். யோகேஸ்வரி எழுதியிருந்தாள்.

'மிஸ், அம்மாவை ஒரு வெள்ளிக்கிழமை சென்டருக்குக் கூட்டிட்டு வர முடியுமா? சாட்ல வரேன். அம்மாகிட்ட நேரா ஒண்ணு கேக்கணும். மிஸ்கிட்டகூடச் சொல்லக் கூடாதுன்னு அம்மா எழுதியிருந்தாங்க. அதான் இவ்வளவு நாள் எழுதல. கோவிச்சுக்காதீங்க.'

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லெட்சுமியம்மா என்னைப் பற்றி அப்படிச் சொல்கிறவர் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு எனக்குத் தனியாகப் பொங்கல் கொடுத்துவிடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை நானே மேற்பிரிவுக்குப் போய் அவரைக் கண்டேன்.

"வெள்ளிக்கிழம ஒரு பேரு போனாப் போவட்டும் மிஸ்" என்றார். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். "எம் மகளோட பேசலாம்னா ஒரு வாரப் பேரு போனாலும் சரிதான்."

4. இடது கால்

வெள்ளிக்கிழமை லெட்சுமியம்மா கழுவி உடுத்திய சேலையோடு வந்து, கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். முதலாளி பதுளைக் கடையில் இருந்தார். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு, சாட்டைத் திறந்து காத்திருந்தேன். மத்தியானம் தாண்டித்தான் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு வந்தது.

'யோகேஸ், அம்மா பக்கத்தில இருக்காங்க' என்று தட்டினேன்.

பதிலாக ஒரு கேள்வி வந்தது.

'எப்படி நம்புறது?'

நான் லெட்சுமியம்மாவைப் பார்த்தேன். "என்னா மிஸ், என்னா சொல்றா?"

அவளே அடுத்த வரியை அனுப்பினாள். 'அம்மாதான்னா சொல்லுங்க. நான் லுணுகலையில பஸ் ஏறின அன்னிக்கு, நீங்க வீட்டுக்கு எப்படி நடந்து போனீங்க?'

நான் வாசித்துச் சொன்னேன். லெட்சுமியம்மா சிரித்துவிட்டார். "அதுவா? பஸ்ஸுல கால வைக்கிறப்ப அவ எடது செருப்பு வாரு பிஞ்சு போச்சு. தியாகு உள்ள சீட்டுப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறாரு. நான் ஏஞ் செருப்பக் கழட்டிக் குடுத்தேன். எடது காலு வெறுங்காலு, வலது காலு செருப்போட தோட்டத்துக்கு நடந்தேன். வழி முச்சூடும் எல்லாரும் சிரிச்சாங்க."

தட்டினேன். பிறகு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவள் வேகத்துக்கு என்னால் வாசித்துச் சொல்ல முடியவில்லை.

'அம்மா. அம்மா ஏன் பொறுத்துக்கோ பொறுத்துக்கோன்னே எழுதினீங்க? நான் எல்லாத்தையும் எழுதினேனே. சோறு ஒரு நேரந்தான் தர்றாங்கன்னு எழுதினேன். பாஸ்போர்ட்டப் பூட்டி வச்சுட்டாங்கன்னு எழுதினேன். அயன் பெட்டியால கையச் சுட்டாங்கன்னு எழுதினேன். மூணு விரலு மடங்கல. எங்கயாவது சொல்லி என்னயக் கூப்பிடுங்கன்னு எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பொறுத்துக்கோ, குடும்ப மானம், முடிச்சுட்டு வான்னு எழுதுனீங்க. மிஸ்கிட்டச் சொன்னா லயம் முழுக்கத் தெரிஞ்சுடும்னு எழுதுனீங்க.'

நான் வாசித்து முடிக்க, லெட்சுமியம்மாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

"நான் எப்ப மிஸ் எழுதினேன்?" என்றார். "எனக்கு எழுதத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் தோட்டத்தில் எழுதத் தெரியாதவர் சொல்ல, தெரிந்தவர் எழுதுவதுதானே வழக்கம். எவர் கையெழுத்தில் வந்தாலும் அது அம்மாவின் பேச்சு. அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள். எங்கள் சனத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

"நான் சொல்லலன்னு எழுதுங்க மிஸ். சத்தியமா நான் சொல்லலன்னு எழுதுங்க" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எழுதினேன். 'கார் சத்தம் கேக்குது' என்று ஒரு வரி வந்தது. பச்சை விளக்கு அணைந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்த அம்மா பேரை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். விளக்கு வரவில்லை. அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

5. எல்லோருக்கும் தெரியும்

மறுநாள் தியாகு வழக்கம்போல் பிரிண்ட் எடுக்க வந்தார். படியிலேயே மறித்துக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"மிஸ், அவ பாதியில வந்துட்டா ஏஜென்சி என்னைய வெலக்கிருவான். அடுத்து அஞ்சு புள்ளைங்க பாஸ்போர்ட் எடுத்துட்டு நிக்குது. அதுங்க கெதி?"

"அதுக்கு அம்மா மாதிரி எழுதுவீங்களா?"

"கெட்டதா என்னா எழுதினேன்? எல்லா அம்மாவும் சொல்றதத்தானே எழுதினேன். பொறுத்துக்கன்னு சொல்லாத அம்மா எந்த லயத்துல இருக்கா, காட்டுங்க பாப்போம்."

அறைந்திருப்பேன். கை எழவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி எனக்குத் தெரிந்த உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் அவர் அந்தப் பிள்ளையை ஏமாற்றியிருந்தார்.

பின்னேரம் முதலாளியிடமிருந்து போன். "தியாகு வாராவாரம் பிரிண்ட் எடுக்கிற ஆளு. கஸ்டமரப் படியில வச்சுக் கேள்வி கேட்டா வியாபாரம் என்னாத்துக்கு மிஸ்? நம்ம ஆளுங்க விசயத்தை அவங்களே பேசித் தீர்த்துக்கட்டும்."

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு லெட்சுமியம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். வெளிநாட்டு வேலையில் இருப்பவர்களுக்காக முறைப்பாடு எடுக்கும் அரசாங்கக் கந்தோரில் இருந்த அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். எங்களை உட்காரவைத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டு, தமிழிலேயே எழுதினார். பெட்டியைத் திறந்து பார்த்தோம் என்றும் சொன்னேன். வந்தவையும் போனவையும் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன.

"நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது, டீச்சர்" என்றார். "ஆனா அவர்தான் எழுதினவர் எண்டு எப்பிடிக் காட்டுறது? அந்தப் பாஸ்வேர்ட் ஆர் ஆருக்குத் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் லெட்சுமியம்மா முந்திக்கொண்டார். உதவி செய்கிறோம் என்ற நினைப்பில், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். "எல்லாருக்கும் தெரியுங்க ஐயா. சாமி பேருங்க."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சால், அம்மா, ஒருத்தரும் எழுதேல்லை எண்ட மாதிரித்தான்."

"என்கிட்ட ஒத்துக்கிட்டாரு சேர்" என்றேன்.

"இங்க வந்து ஒத்துக்கொள்ளுவாரோ?"

கொள்ளவில்லை. விசாரணைக்கு வெள்ளை வேட்டியோடு வந்து, "முனியாண்டி மேல சத்தியமா நான் எழுதல" என்று சொல்லிவிட்டுப் போனார். கையும் விழவில்லை, காலும் விழவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறி நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போனார். அதிகாரி முறைப்பாட்டைக் கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பிலிருந்து வந்த பதில்கள் எல்லாவற்றிலும் 'விசாரிக்கப்படுகிறது' என்றுதான் இருந்தது. அந்த மனிதரும் தன்னால் முடிந்தவரை எழுதினார். பிறகு அவருக்கும் மாற்றம் வந்து போய்விட்டார்.

6. கோயில் மைக்

அதற்குள் விசயம் மேற்பிரிவு முழுக்கப் பரவியிருந்தது. கோயில் முன்னால் கூட்டம் வைத்தார்கள். என்னையும் அழைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்தது, பொய் சொல்லமாட்டேன். இப்போதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அட்ரஸ் கேட்பார்கள் என்று நினைத்தேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

தியாகுவை யாரும் வைது தள்ளவில்லை. மகள்மார் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார் அவர் முகத்தை நேரே பார்க்கவே பயந்தார்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் ஏஜென்சியோடு பேச அவர்தானே இருக்கிறார். "யாரோ நம்ம பேரைக் கெடுக்க உள்ள பூந்துட்டான்" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ. அந்த யாரோ முதல் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் எழுந்து பேசினேன். பாஸ்வேர்ட் என்றால் என்ன, ஏன் ஒருவருக்கு மட்டும் தெரியவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள். தலையாட்டினார்கள். இளைஞர் சங்கத் தலைவன் எழுந்து, "மிஸ் சொல்றது நூத்துக்கு நூறு சரி. பாஸ்வேர்ட ஒடனே மாத்தணும்" என்றான். கை தட்டினார்கள்.

மறுநாளே சென்டருக்கு வந்து மாற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், கோயில் மைக்கில் அறிவித்தார்கள். நான் அங்கே இருந்தேன், என் காதால் கேட்டேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே, நம்ம பிரிவோட இமெயில் பாஸ்வேர்ட் மாத்தியாச்சு. இனிமே காளியம்மா. எல்லாரும் ஞாபகம் வச்சுக்கங்க, காளியம்மா."

பக்கத்திலிருந்த பெண் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார். "முனியாண்டியாவது மன்னிச்சுருவாரு மிஸ். காளி விடமாட்டா. இனிப் பயமில்ல."

மைக் சத்தம் மலையில் பட்டு அடுத்த தோட்டம் வரைக்கும் போயிருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து, பசறை வரும் வரைக்கும் அழுதேன். என் தொழில் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அந்த வளைவுகளில் எங்கேயோதான் விழுந்து போனது.

7. வகுப்பில் சொல்வது

அதற்குப் பிறகும் பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். பசறையிலும், பிறகு பதுளையிலும், பள்ளிக்கூடங்களுக்குப் போயும். தியாகு பசறையிலேயே சொந்தமாக ஒரு கொமியூனிகேஷன் கடை போட்டார். போன், பேக்ஸ், இமெயில், வெளிநாட்டு வேலை என்று நான்கு நிறத்தில் பலகை. எங்கள் சென்டரைவிட அங்கேதான் கூட்டம். எங்கள் முதலாளிக்கு அந்த வருத்தம் மட்டும் கடைசிவரை இருந்தது.

நான் கற்றுக்கொண்ட ஒன்றை ஒவ்வொரு புது வகுப்பிலும், மவுஸைத் தொடவிடும் முன்பே சொல்வேன். பாஸ்வேர்ட் போடும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். நண்பியாக இருந்தாலும், தங்கையாக இருந்தாலும். பிள்ளைகள் சிரிக்கும். "எங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்னா மிஸ் இருக்கு?" என்று கேட்கும்.

"மறைக்க ஒண்ணும் வேணாம். ஒன் பேருல இன்னொருத்தன் பேசினா, நீ இல்லன்னு எப்பிடி நிரூபிப்ப?" என்பேன். தலையாட்டுவார்கள். மேற்பிரிவுக் கூட்டத்தில் ஆட்டிய அதே தலையாட்டல். வகுப்பு முடியும்போது யாராவது ஒரு பிள்ளை என்னிடம் வந்து, தன் பாஸ்வேர்டை எழுதிய துண்டை நீட்டும். "நீங்களே வச்சுக்கங்க மிஸ். நான் மறந்துருவேன்." நம்பிக்கையோடு நீட்டும் அந்தக் கையை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

யோகேஸ்வரி ஒப்பந்தம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள். யாரும் அவளை மீட்கவில்லை. வலது கையில் மூன்று விரல்கள் உள்ளே வளைந்தபடி இறுகிவிட்டன. கொழுந்து பறிக்கவும் ஆகாது, கீபோர்டும் ஆகாது. நான் போய்ப் பார்த்தேன். அப்பா உள்ளே படுத்திருந்தார். லெட்சுமியம்மா அடுப்படியில் சோறு வடிக்கக் காத்திருந்தார். அவள் வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா எழுதலன்னு எனக்குத் தெரியும் மிஸ்" என்றாள் மெதுவாக. "ஆனா அந்த வீட்டுல நான் அதப் படிச்சப்ப எல்லாம், அம்மா கொரலுலதான் படிச்சேன். இப்பவும் அந்தக் கொரலுலதான் கேக்குது. அத எப்பிடி மிஸ் அழிக்கிறது?"

என் டிப்ளோமாவில் அதற்குப் பாடம் இல்லை. நான் அவளுடைய வளைந்த விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து லெட்சுமியம்மா குரல் கொடுத்தார். "சோறு இப்ப வெந்துரும். செத்தப் பொறுத்துக்கங்க மிஸ்."

யோகேஸ்வரியின் விரல்கள் என் கையிலிருந்து நழுவின. எழுந்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைப் பக்கமாக நடந்து போய்விட்டாள். லெட்சுமியம்மா அகப்பையோடு வாசலுக்கு வந்து, மகள் போகும் திசையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒங்களுக்குத்தானே மிஸ் சொன்னேன்" என்றார்.